பச்சை குறையாத தோட்டம்

குற்றாலத்தில் அலுவலகம் வைத்தால்தான் கடையத்து விவசாயியின் கஷ்டம் தெளிவாகப் புரியும் என்று யாரோ ஒரு பெரிய மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. அதன்படி ஐந்தருவிக்குப் போகிற சாலையில், சாரல் நன்றாகப் படுகிற மாடியாகப் பார்த்து, சிறு விவசாயிகள் வேளாண்காடு மற்றும் ஊட்டச்சத்து மேம்பாட்டு இயக்கம் குடியேறியது. பெயர் பலகையில் அடங்காமல் ‘இயக்கம்’ மட்டும் சுவர் மடங்கி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. ஊர்க்காரர்கள் அதை மரக்கம்பெனி என்றார்கள். காதில் விழுந்தால் அதிகாரிகள் வருத்தப்படுவார்கள். கம்பெனி லாபம் பார்க்கும், நாங்கள் மாற்றம் பார்க்கிறோம் என்று திருத்துவார்கள்.

இயக்கத்தின் நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் நெல்லை மட்டும் நம்பிக்கொண்டிராமல் வயலோடு மரமும் வளர்க்க வேண்டும். காய், கனி, கீரை என்று மரம் கொடுப்பதைத் தின்று குடும்பம் உடம்பு தேற வேண்டும். மிஞ்சியதை விற்று நாலு காசு பார்க்க வேண்டும். இதைவிட நல்ல யோசனை ஏது? நல்ல யோசனையோடு வருகிறவர்களிடம் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நயினாருக்கு அப்போது தெரியாது.

நயினாருக்குக் கடையத்துக்குக் கிழக்கே, கடைமடையில் ஒரு ஏக்கர் வயல். கடைமடை என்பது கால்வாயின் வால். தலைமடைக்காரர்கள் பாய்ச்சி, மாட்டைக் குளிப்பாட்டி, அடைக்க மறந்து, அதற்கும் மேல் ஏதாவது மிஞ்சினால் அங்கே தண்ணீர் வரும். தலைமடையில் இருந்தது கணேசமூர்த்தி வீட்டுத் தென்னந்தோப்பு. அந்தக் கணேசமூர்த்திதான் இயக்கத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர். கடைமடைக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை என்பது பற்றி அவர் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறார்.

தண்ணீர் இல்லாவிட்டாலும் நயினாரின் வரப்பு சும்மா இருந்ததில்லை. அவர் மனைவி முப்பிடாதியம்மாள் ஊன்றிய முருங்கை, வரிசையாக அகத்தி, பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் தானாக முளைத்த பப்பாளி, ஒரு நெல்லி. கோழிகள் உண்டு, ஓர் ஆடும் உண்டு. இதற்கெல்லாம் யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. இருந்தது, தின்றார்கள்.

மகள் வேல்விழியை ஆய்க்குடியில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை பாண்டியராஜ் புளியறை வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். நல்ல பையன். முதல் பிள்ளை நாலாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. ரத்தம் போதாது, அடுத்ததற்கு முன்னால் உடம்பைத் தேற்றுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு நயினாரின் மனதில் முள்ளாகக் கிடந்தது. இயக்கத்தின் நோட்டீசில் ‘ஊட்டச்சத்து’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவர் பயிற்சி முகாமுக்கு ஆள் ஏற்ற வந்த வேனில் ஏறியதற்கு அதுதான் காரணம்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மண்டபத்தில் முகாம். முதல் வகுப்புக்குத் தலைப்பு ‘மரம்: ஓர் அறிமுகம்’. வெளியே மேற்கு மலை முழுக்க மரம். அது கவனத்தைக் கலைக்கிறது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படம் காட்டினார்கள். வேர் கீழே இருக்கும், இலை மேலே இருக்கும் என்பது வரை வந்தபோது நயினார் எழுந்து, எங்கள் வரப்பிலும் மரம் நிற்கிறது ஐயா என்றார். பெருமைக்குச் சொல்லவில்லை. வந்த இடத்தில் மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்றுதான்.

கணேசமூர்த்தி பொறுமையாகச் சிரித்தார். “நயினாரு, உங்ககிட்ட இருக்கது மரம். நாம பேசுதது மரமுறை. உங்க மரம் என்ன செய்யுது? அதுபாட்டுக்கு நிக்கி. அதுக்கு ஒரு இலக்கு இருக்கா? அத யாராவது மதிப்பீடு செஞ்சிருக்காவளா?”

செய்ததில்லை என்று நயினார் ஒப்புக்கொண்டார். மண்டபத்தில் கைதட்டினார்கள். மதியச் சாப்பாட்டில் சோறு மலைபோல இருந்தது, சாம்பாரில் காயைத் தேட வேண்டியிருந்தது. தடுப்புக்கு அப்பால் அதிகாரிகள் பாதாம், முந்திரி, உலர்ந்த அத்திப்பழம் எல்லாம் வைத்துக்கொண்டு சிறு விவசாயியின் தட்டில் என்ன குறைகிறது என்று விவாதித்தார்கள்.

சாயங்காலம் ஒப்பந்தம். திட்டம் நல்லபடியாக முடிந்து இறுதி மதிப்பீட்டில் தேறினால், கடைமடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் பொதுவாக ஓர் ஆழ்துளைக் கிணறும் சூரிய மோட்டாரும். நயினாரோடு வந்திருந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தண்ணீர் என்றால் கடைமடைக்காரன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான்.

அடுத்த வாரம் நிவேதா வந்தாள். விவசாயம் படித்த பெண், இயக்கத்தில் ஒப்பந்த வேலை. வெயிலில் முகம் கறுத்து, கையில் போனோடு வரப்பெல்லாம் நடந்தாள். திட்டம் தொடங்குமுன் நிலத்தில் இருக்கிற மரங்களைக் கணக்கெடுக்க வேண்டுமாம். எண்ணிப் போனில் இருந்த ஆப்பில் போட்டாள். போன் ஏற்கவில்லை. திரும்பப் போட்டாள். ‘இவர் ஏற்கெனவே பயனடைந்தவர்’ என்று சிவப்பாக வந்தது. மரம் இல்லாதவர்களுக்கு மரம் கொடுக்கிற திட்டம் இது. மரம் வைத்திருப்பவருக்குக் கொடுத்தால் அது முறைகேடு. குற்றாலத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால்தான் எவ்வளவு முன்னேற்றம் என்று காட்ட முடியும் என்று பதில் வந்தது.

“இருக்க மரத்த வெட்டிட்டு மரம் வைக்கதுக்கா அம்புட்டு தூரம் வேன்ல கூட்டிட்டுப் போனாவ?” என்றாள் முப்பிடாதியம்மாள்.

நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கும் வெளங்கலக்கா. ஆனா ஆப் எடுக்க மாட்டேங்கு.”

ரெண்டு நாள் வீட்டில் சண்டை. கடைசியில் போர் வரும், தண்ணி வரும், புதுசா வைக்கிற மரம் இதைவிட நல்லா வரும் என்று நயினார்தான் வென்றார். முருங்கையை அவரே வெட்டினார். அகத்தியையும் பப்பாளியையும் நெல்லியையும் பக்கத்து வயல் இசக்கிச்செல்வியின் வீட்டுக்காரர் வந்து வெட்டிக் கொடுத்தார், நயினார் போய் அவர்கள் மரத்தை வெட்டிக் கொடுத்தார். கடைமடை முழுக்க ஒரே நாளில் மொட்டை. வெட்டியது எல்லாவற்றையும் ‘உயிர்க்கழிவு’ என்று இயக்கத்தின் டிராக்டர் அள்ளிக்கொண்டு போயிற்று. நிவேதா பூஜ்யம் போட்டாள். போன் பச்சையாகச் சிரித்தது.

கன்றை ஆடு கடிக்கும் என்று ஆட்டை விற்கச் சொன்னார்கள். பாத்தியைக் கோழி கிளறும் என்று கோழிகளையும். ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு இடைஞ்சலாக வீட்டில் இருந்த முட்டையும் பாலும் இப்படி ஒருவழியாக அகற்றப்பட்டன. பிறகு குடும்பத்தின் ரத்தம் எடுத்தார்கள். முப்பிடாதியம்மாளுக்குக் குறைவாகத்தான் இருந்தது. கணேசமூர்த்தி நேரில் வந்து கைகுலுக்காத குறை. வட்டாரத்திலேயே இவ்வளவு தெளிவான ரத்தசோகையை இப்போதுதான் பார்க்கிறோம், தொடர்ந்து இதே ஒத்துழைப்பைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் கன்றுகள் வந்தன. கொய்யா, நெல்லி, அகத்தி, பப்பாளி, முருங்கை. கொய்யா ஒன்றுதான் புதிது, மற்றபடி வெட்டியது எதுவோ அதுவேதான். முருங்கை மட்டும் கன்றாக இல்லாமல் போத்தாக, வெட்டிய கொம்புத் துண்டாக, பையில் ஊன்றி, ‘மேம்படுத்தப்பட்ட ரகம்’ என்று அட்டை கட்டி வந்தது. முப்பிடாதியம்மாள் ஒரு போத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். துணி காயப்போட அவள் கம்பி கட்டிய தழும்பு அதில் அப்படியே இருந்தது. உட்கார்ந்து சிரித்தாள். நயினார் சிரிக்கவில்லை.

முருங்கைக்கு எந்த இயக்கமும் கிடையாது. வைத்த இடத்தில் அது வளர்ந்தது. இயக்கம் கம்பி வேலி போட்டது, கதவு வைத்தது, ‘மாதிரி ஊட்டச்சத்துத் தோட்டம்’ என்று பலகை நட்டது. நயினார் ராத்திரி பகல் பாராமல் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். சித்திரை வாக்கில் முருங்கையும் அகத்தியும் தழைத்து நின்றன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கண்ணு பட்டுவிடும் என்றார்கள்.

அந்தச் சித்திரையில்தான் வேல்விழி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. முதல் தடவை போனதை நினைத்துப் பயந்து, வளைகாப்புவரை காத்திராமல் மூன்றாம் மாதமே அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மாத்திரை கொடுத்தாள். அது வயிற்றில் தங்காமல் வாந்தியாக வந்தது. அப்படியென்றால் சாப்பாட்டில்தான் ஏற்ற வேண்டும், முருங்கைக்கீரை, முட்டை, அகத்தி தினமும் கொடுங்கள் என்றாள். நீங்கதான் மாதிரித் தோட்டக்காரங்க ஆச்சே, உங்களுக்கா பஞ்சம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பிடாதியம்மாள் அன்றைக்கே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேலிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

விஷயம் இதுதான். தோட்டங்களின் முன்னேற்றத்தை இயக்கம் செயற்கைக்கோள் வழியாக வானத்திலிருந்து பார்க்கிறது. பச்சை எவ்வளவு என்று குற்றாலத்தில் ஒரு திரையில் வாரம் தவறாமல் தெரியும். இலையைப் பறித்தால் பச்சை குறையும். பச்சை குறைந்தால் திரை மஞ்சளாகும். கடைமடை முழுக்க ஒரே தொகுப்பு என்பதால் ஒருவர் தோட்டம் மஞ்சளானால் எல்லாருடைய மதிப்பெண்ணும் இறங்கும், கிணறு போகும். ஆகவே இறுதி மதிப்பீடு முடிகிற வரைக்கும் பறிப்பதற்கு இல்லை.

நயினார் குற்றாலத்துக்கே போய்க் கேட்டார். கணேசமூர்த்தி நாற்காலி போட்டு உட்காரவைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். ரொம்ப சந்தோஷம், தொகுப்பில் கர்ப்பிணிப் பயனாளியே இல்லையே என்று தலைமையகம் குறைப்பட்டுக்கொண்டிருந்தது, இப்போது அந்தக் குறையும் தீர்ந்தது என்றார். கீரையைப் பற்றிக் கேட்டபோது ஜன்னல் வழியாகச் சாரலைப் பார்த்துக்கொண்டு நிதானமாக விளக்கினார்.

“ஊட்டச்சத்த நாம ஒரு வயித்தோட பிரச்சினையா பாக்கக் கூடாது நயினாரு. அது குறுகின பார்வை. ஒரு வீட்ல தின்னா அந்த வீட்டோட முடிஞ்சு போகும். மரத்துல நின்னா மாநிலமே பாக்கும். நாளைக்கு நூறு ஊரு இதப் பாத்துத் தோட்டம் போடும். அதுல எத்தன பிள்ளைக சாப்பிடும்னு யோசிச்சுப் பாருங்க.”

நயினார் யோசித்துப் பார்த்தார். அவருக்கு ஒரு பிள்ளைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் டை கட்டியவர் சொல்லும்போது எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. நயினார் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. அவரும் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

இரக்கப்பட்டு இயக்கம் ஒரு பொட்டலம் அனுப்பியது. வேறு எங்கோ ஒரு மாநிலத்தில் அரைத்த முருங்கைப் பொடி. அட்டையில் ஒரு பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்கு வந்தது. அடுத்த பொட்டலம் ஒப்புதலில் இருப்பதாகச் சொன்னார்கள். கடைமடையில் யார் வீட்டிலாவது கடன் கேட்கலாம் என்றால் யார் வரப்பிலும் சுதந்திரமான மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. கடையம் சந்தையில் முப்பிடாதியம்மாள் கையில் காசு இருந்த நாளில் ஒரு கட்டுக் கீரை வாங்கி வந்தாள். மற்ற நாளில் ரசம். ஜன்னலைத் திறந்தால் முருங்கை காற்றில் ஆடுவது தெரியும் என்பதால் வேல்விழி அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள்.

ஆனி மாதம் ஒரு விடிகாலையில் முப்பிடாதியம்மாள் வேலிக்கு அடியில் நுழைந்து ஒரு மடிக் கீரை பறித்துவிட்டாள். அன்று மகள் வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாள் குற்றாலத்திலிருந்து அழைப்பு வந்தது. வானத்தில் இருப்பது ஒரு மடிக் கீரையைக் கண்டுபிடித்துவிட்டது என்று கடைமடையே வாயைப் பிளந்தது. கண்டுபிடித்தது இசக்கிச்செல்விதான். பிற்பாடு அவளே வந்து அழுதுகொண்டு சொன்னாள்.

“தப்பா எடுத்துக்கிடாதீக மதினி. எங்களுக்கும் போரு வேணும்லா.”

முப்பிடாதியம்மாள் அவளைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். ஒரு கீரைக்கு ஊரை இப்படி ஆக்கி வைத்துவிட்டார்களே என்று எனக்குத்தான் வயிறு எரிகிறது.

விசாரணை நடந்தது. மேசைக்கு அப்பால் மூன்று பேர், இப்பால் முப்பிடாதியம்மாள். ‘பயனாளியே பயன்பாட்டில் ஈடுபட்டது’ என்பது குற்றச்சாட்டு. பயனாளிகள் இப்படிப் பயனடையக் கிளம்பினால் திட்டம் எப்படித் தாங்கும் என்று ஓர் அதிகாரி உண்மையாகவே வேதனைப்பட்டார். மகளுக்குப் பசி என்று இவள் சொன்னாள். பசிக்கு வேறு துறை இருக்கிறது, நாங்கள் ஊட்டச்சத்து என்றார் இன்னொருவர். முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். வேலிக்கு அடியில் இன்னொரு கம்பி வந்தது.

ஆடியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றார்கள். டெல்லியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள். இந்த ஒரு நாள் தேறிவிட்டால் கிணறு. கொய்யாக் கன்றுகள் இன்னும் காய்க்கவில்லை. காய்க்கிற வயதும் இல்லை. அதற்காக மதிப்பீட்டைத் தள்ளிவைக்க முடியுமா? தென்காசிச் சந்தையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொய்யாப்பழம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் நிவேதாவும் இரண்டு ஆட்களும் பச்சை நூலால் கன்றுகளில் பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பாரம் தாங்காமல் கன்றுகள் வளைந்தன. குச்சி ஊன்றி நிமிர்த்தினார்கள்.

கர்ப்பிணிப் பயனாளி மரத்தடியில் கூடை நிறையப் பழத்தோடு நிற்க வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது. வேல்விழிக்கு அப்போது ஆறாம் மாதம். காலெல்லாம் வீங்கி, கண்ணுக்குக் கீழே வெளுத்துப் போயிருந்தாள். அவள் நிற்கமாட்டாள் என்று முப்பிடாதியம்மாள் சொன்னாள். அரை மணி நேரம்தான் என்றார் கணேசமூர்த்தி. நான் நிக்கேன்மா, கிணறு வந்துட்டா அப்புறம் ஒருத்தரும் கேக்க மாட்டாவல்லா என்று வேல்விழியே சொன்னாள்.

காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். குழு வரவில்லை. குற்றாலத்தில் அருமையான சாரல், அருவியில் தண்ணீர் அளவாக விழுகிறது, விருந்தினர்கள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று போனில் தகவல் வந்தது. பேரருவி முடிந்து ஐந்தருவிக்குப் போகிறார்களாம். கடையத்தில் சாரல் கிடையாது. சுடுகாற்றும் வெயிலும் மட்டும் அடித்தன. முருங்கை நிழல் நகர்ந்தது. படத்துக்குக் குறித்த இடம் நகரக் கூடாது என்பதால் வேல்விழி வெயிலில் நின்றாள். உட்காரலாமா என்று கேட்டாள். கூடையை வைத்துவிட்டால் பழத்தை மறுபடியும் அடுக்க வேண்டும் என்றார்கள். நயினார் துண்டை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

உச்சி தாண்டியபோது அவள் நிவேதாவைப் பார்த்து, “அக்கா, ஒரு பழம் எடுத்துக்கிடட்டா? கிறுகிறுன்னு வருது” என்றாள்.

நிவேதா கணேசமூர்த்தியைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்தார். கூடையில் ஒரு பழம் குறைந்தால் மேலே பள்ளம் தெரியும், அது மட்டுமில்லை, அந்தப் பழங்கள் சாயங்காலம் அடுத்த மாதிரித் தோட்டத்துக்குப் போக வேண்டியவை. “படம் முடியட்டும்மா. இந்தா வந்துட்டாவ” என்றாள் நிவேதா.

வந்துவிட்டார்கள். ஈரத் தலையோடு, நெற்றியில் விபூதியோடு, நாலைந்து கார். கால்வாய்க் கரையில் ஒரு வண்டி போகிற தடம்தான். ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நிறுத்தினார்கள். மாலை, படம், கைதட்டல். குழுத் தலைவர் நூலில் தொங்கிய ஒரு கொய்யாவைத் தொட்டுப் பார்த்து, இயற்கை எவ்வளவு தாராளமானது என்று வியந்தார். பிறகு பேசினார். நாட்டின் தாய்மார்கள் இப்படிக் கூடை நிறையக் கனிகளோடு நிற்பதைக் காணத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்றும், இந்த முகத்தில் தெரிகிற அமைதியைப் பாருங்கள் என்றும் சொன்னார். கணேசமூர்த்தி அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் நயினாரின் தோளில் சாய்ந்தது. பழங்கள் உருண்டன. சேலை நனைந்து சிவப்பாயிற்று.

ஆம்புலன்ஸ் வந்தது. சீக்கிரமாகவே வந்தது. தடத்தின் தலையில் வந்து நின்று அலறியது. உள்ளே வர வழியில்லை. காரோட்டிகள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஆள் விட்டுத் தேடிப் பிடித்து வந்தால், தலைவரின் வண்டி முதலில் போக வேண்டும், அதுதான் முறை என்றார்கள். அது நடுவில் நின்றது. முதலில் எதை எடுப்பது என்று இரண்டு அதிகாரிகள் ஆலோசித்தார்கள். நயினார் காத்திருக்கவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கார்களை உரசிக்கொண்டு வரப்போடு ஓடினார். முப்பிடாதியம்மாள் பின்னால் ஓடினாள்.

தென்காசியில் டாக்டர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். ரத்தம் ஏற்றி வேல்விழியைப் பிழைக்கவைத்தார்கள். பெண் குழந்தை. அழவில்லை. லாரியைப் புளியறையிலேயே போட்டுவிட்டுப் பாண்டியராஜ் வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிவேதா கொய்யாக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு என்று இருக்கிற மண் அந்த ஒரு ஏக்கர்தான். பாண்டியராஜ் கடப்பாரையால் பூட்டை உடைத்தான். கிழக்கு மூலையில் முருங்கைக்கு அடியில் நயினார் குழி வெட்டினார்.

இறுதி மதிப்பீட்டு அறிக்கை புரட்டாசியில் வந்தது. தொகுப்பு முதல் இடம். கூடையோடு நிற்கிற படம் அட்டையில் வந்திருந்தது. வேல்விழி விழுவதற்கு ஒரு கணம் முன்னால் எடுத்தது, கண் பாதி மூடியிருந்ததால் ‘மனநிறைவு’ என்று கீழே எழுதியிருந்தார்கள். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிப் பயனாளிகள் என்ற இடத்தில் பூஜ்யம். உண்மைதான், அப்போது தொகுப்பில் கர்ப்பிணி யாரும் இல்லை. கிணற்றைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. கிணறு இல்லாமலேயே இவ்வளவு பச்சை இருப்பது நிரூபிக்கப்பட்டிருப்பதால் இந்தப் பகுதிக்குத் தண்ணீர் தேவையில்லை என்று குழு கருதியது. அந்தப் பணத்தில் குற்றாலத்தில் ஒரு பயிற்சி மண்டபம் கட்டுவார்கள்.

கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. எல்லா வயலும் பச்சையாகத்தான் இருந்தது. வேல்விழி இன்னும் ஆய்க்குடிக்குத் திரும்பவில்லை. அன்று காலை தோட்டத்தில் நயினாரோடு நின்றிருந்தாள். நயினாரின் போன் அடித்தது. கணேசமூர்த்தி. குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

“நயினாரு, திரையில இப்பத்தான் பாத்தேன். உங்க கிழக்கு மூல மட்டும் தனியா எடுப்பா தெரியுது. கரும்பச்சை. தொகுப்புலேயே அப்படி இல்ல. மேலருந்து கேக்காவ, அங்கன என்ன உரம் போட்டீய?”

நயினார் போனை மகள் பக்கம் நீட்டினார். வேல்விழி அதை வாங்கிக் காதில் வைத்து, சார் மறுபடி கேட்டதைக் கேட்டுக்கொண்டாள்.

“அங்கன எம் பிள்ளய வச்சிருக்கோம் சார்,” என்றாள்.

அந்தப் பக்கம் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. கணேசமூர்த்தி கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், கெட்டவராக இருந்தால் ஒருவேளை அவரைத் திட்டித் தீர்த்திருக்கலாம். ரொம்ப வருத்தமா இருக்கும்மா என்றார். அது உண்மையான வருத்தம்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அந்தக் கட்டத்தக் காலியா விட்டா ஆப் அடுத்த பக்கம் போக மாட்டேங்கும்மா. தொழு உரம்னு போட்டுக்கிடுதேன்.”

வேல்விழி போனை அணைக்கவில்லை. அப்படியே வரப்பில் வைத்துவிட்டுக் கிழக்கு மூலைக்குப் போனாள். முருங்கையின் தாழ்ந்த கொப்பை வளைத்து ஒடித்தாள். அடுத்ததை ஒடித்தாள். எட்டாத கொப்புகளை நயினார் வந்து வளைத்துக் கொடுத்தார். முப்பிடாதியம்மாள் வீட்டிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு அகத்தியில் தொடங்கினாள். சத்தம் கேட்டு இசக்கிச்செல்வி தன் வேலியோரம் வந்து நின்றாள். கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அவளும் அரிவாளை எடுத்துக்கொண்டு தன் மரங்களுக்குப் போனாள்.

அந்த வாரம் குற்றாலத்துத் திரையில் கடைமடை முழுக்க மஞ்சளாகத் தெரிந்தது. பூச்சித் தாக்குதல் என்று முடிவு செய்து ஒரு குழு அமைத்தார்கள்.